பருப்பும் காயும் வேக எது வாங்கலாம்: ஸ்லோ குக்கரா, இருக்கிற குக்கரே போதுமா?

ஸ்லோ குக்கர் வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கூடிவிட்டார்கள். துபாயில் இருக்கும் தம்பி வரும்போது ஒன்று கொண்டுவருகிறேன் என்கிறான், பெங்களூரில் இருக்கும் மகள் ஆன்லைனில் போட்டு அனுப்பிவிடவா என்கிறாள், காலையில் பருப்பையும் காயையும் தண்ணீரையும் போட்டு சுவிட்சைத் தட்டிவிட்டு வேலைக்குப் போனால் சாயங்காலம் குழம்பு தயாராக இருக்குமாமே, நிஜமா என்று மதினி கேட்கிறார்கள். பாதி நிஜம். வேகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நம் ஊர்க் குழம்பில் வேகவைப்பது எத்தனை பங்கு வேலை, அந்த வேலையை வீட்டில் ஏற்கெனவே எது செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்காமல் வாங்கினால், அது நேரே பரணுக்குத்தான் போகும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இத்தோடு கிளம்பிவிடலாம். தினமும் துவரம்பருப்பு சாம்பார்தான் என்றால் அடுப்பில் வைக்கிற பழைய பிரஷர் குக்கரை எதுவும் ஜெயிக்காது. பாசிப்பருப்புக் கூட்டு, சொதி, முழு உளுந்து என்று சமைக்கிறவர், காலையில் போய் இருட்டின பிறகு வீடு திரும்புகிறவர், வீட்டில் நல்ல தண்ணீரும் ஒழுங்கான கரண்டும் உள்ளவர், இந்த மூன்றும் ஒரே ஆளாக இருந்தால் ஸ்லோ குக்கர் வாங்கலாம். பகலெல்லாம் வீட்டில் ஆள் இருந்தால் மண்சட்டி. கரண்டை நம்ப முடியாத ஊர் என்றால் வேறொரு சாமான் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

முதலில் அந்தச் சாதனம். கனமான பீங்கான் பாத்திரம், அதைச் சுற்றி ஒரு வெப்பக் கம்பி, மேலே கண்ணாடி மூடி, அவ்வளவுதான். மூன்றரை லிட்டர் அளவுள்ளது பெரும்பாலும் 200 வாட் பக்கம் இழுக்கும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி இழுப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. லோ, ஹை, வார்ம் என்று மூன்று நிலை. லோவில் வைத்தால் கடைசிவரை குறைந்த சூட்டிலேயே நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. லோவும் ஹையும் கடைசியில் போய் நிற்கிற இடம் ஏறக்குறைய ஒன்றுதான், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே. ஹை அங்கே சீக்கிரம் போகும், லோ மணிக்கணக்கில் ஊர்ந்து போகும். அமெரிக்காவில் இர்விங் நாக்ஸன் என்பவர் இதற்கு 1940-ல் காப்புரிமை வாங்கினார். அவருடைய தாயார் வழியில் லித்துவேனிய யூதர்கள் ஓய்வுநாளுக்காக முந்தின சாயங்காலமே ஒரு பயறுக் குழம்பை ஊரின் ரொட்டி அடுப்பில் வைத்துவிடுவார்கள், இரவெல்லாம் ஆறுகிற சூட்டிலேயே அது வெந்து கிடக்கும். அந்தக் கதையிலிருந்து பிறந்த யோசனை இது. 1971-ல் கிராக்-பாட் என்ற பெயரில் கடைக்கு வந்ததும் வேலைக்குப் போகிற பெண்கள் வாங்கிக் குவித்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் குழம்புக்குத் தாளிதம் கிடையாது, தேங்காய் அரைப்பு கிடையாது, புளி கிடையாது. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடினால் முடிந்தது. நம் கதை வேறு. இடிசாம்பார் வைக்கிற வீட்டில் வத்தலும் மல்லியும் கடலைப்பருப்பும் வெந்தயமும் வறுத்து இடிக்க வேண்டும், புளியைக் கரைத்துப் பச்சை வாசனை போகக் கொதிக்க விட வேண்டும், கடைசியில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்ட வேண்டும். பருப்பு வேகிற நேரம்தான் உள்ளதிலேயே நாம் சும்மா இருக்கிற நேரம், அதுவும் குக்கர் வந்த பிறகு இருபது நிமிஷமாகச் சுருங்கிவிட்டது. ஸ்லோ குக்கர் மிச்சப்படுத்துவது அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிற வேலையை. அந்த வேலையை நாம் எப்போதோ விசிலிடம் கொடுத்துவிட்டோம்.

அதனால்தான் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருக்கிறவர்கள் இதைக் கொண்டாடுவதை வைத்து நாம் முடிவெடுக்க முடியாது. அங்கே பல வீடுகளில் பிரஷர் குக்கரே கிடையாது, அவர்கள் ஒப்பிடுவது திறந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரம் கிண்டுவதோடு.

குக்கருக்குள் நடப்பது என்னவென்றால், வெயிட் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது, அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி வரை போகிறது. திறந்த சட்டியில் என்ன எரித்தாலும் 100-ஐத் தாண்டாது. அந்த இருபது டிகிரிதான் பழைய பருப்பையும் கடினமான தண்ணீரையும் சமாளிக்கிறது. நாலு சத்தம் விட்டு, அஞ்சு நிமிஷம் சிம்மில் வைத்து, ஆவி தானாக அடங்க விட்டால் துவரம்பருப்பு மத்து வைக்காமலே கரைந்து நிற்கும். ஆனால் காய்க்கு இது பெரிய தண்டனை. பருப்போடு கத்தரிக்காயைப் போட்டால் தோல்தான் மிஞ்சும், முருங்கைக்காய் நார் நாராகப் பிரிந்து குழம்பெல்லாம் மிதக்கும். ஆகவே பருப்பு தனி, காய் தனி, பிறகு இரண்டையும் சேர்த்து ஒரு கொதி. அதுதான் காலங்காலமாக நடக்கிறது.

ஸ்லோ குக்கரில் இது தலைகீழ். சூடு மென்மையாக ஏறுவதால் காய் உடையாது, ஆனால் பருப்பு உடைய மறுக்கும். ஒரு ஆழாக்கு துவரம்பருப்பை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்து, நாலு பங்கு தண்ணீர், மஞ்சள்தூள், பெருங்காயம், தட்டின வெள்ளைப்பூடு, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் சேர்த்து ஹையில் வைத்தால் நாலு மணி நேரம் ஆகும், லோவில் ஏழு எட்டு. வெந்த பிறகும் பருப்பு பருப்பாகவே நிற்கும், மத்தால் கடைந்தால்தான் குழம்பாகும். எண்ணெய் தடவிய பருப்பு என்றால் நன்றாகக் கழுவிவிட்டுப் போட வேண்டும். பாசிப்பருப்பு இந்தச் சண்டைக்கே வராது, ஊறவும் வேண்டாம், ஹையில் மூன்று மணி நேரத்துக்குள் குழைந்துவிடும். லேசாக வறுத்துப் போட்டால் வாசனை நிற்கும்.

காய் விஷயத்தில் ஒரு ஆச்சரியம் உண்டு. உருளைக்கிழங்கும் காரட்டும் இதில் நாம் நினைப்பதைவிட மெதுவாக வேகும். கிழங்கின் செல்களை ஒட்டி வைத்திருக்கிற பெக்டின் 85 டிகிரியைத் தாண்டினால்தான் இளகத் தொடங்கும், ஸ்லோ குக்கர் அந்தச் சூட்டுக்கு வரவே சில மணி நேரம் எடுக்கும். அதனால் சேனை, சேம்பு, சிறுகிழங்கு, காரட் எல்லாம் சின்னத் துண்டாக நறுக்கி அடியிலும் ஓரத்திலும் போட வேண்டும், வெப்பக் கம்பி அங்கேதான் இருக்கிறது. பொங்கல் சமயத்தில் சிறுகிழங்கு வருமே, அதைத் தோல் சுரண்டிப் பாசிப்பருப்போடு லோவில் விட்டால் உடையாமல் மாவுபோல வெந்திருக்கும், குக்கரில் இது நடக்கவே நடக்காது. தடியங்காய், சுரைக்காய், பீர்க்கங்காய் கடைசி ஒரு மணி நேரத்துக்குப் போதும், அவையே தண்ணீர் விடும் என்பதால் முதலில் ஊற்றும் தண்ணீரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மூடி மூடியே இருப்பதால் ஆவி திரும்பச் சொட்டும், குழம்பு சுண்டாது. வெண்டைக்காயைத் தயவுசெய்து போடாதீர்கள், தனியாக வதக்கிக் கடைசியில் சேருங்கள். முருங்கைக்கீரை என்றால் அணைப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னால். கத்தரிக்காய் பாதி நேரத்தில் போட்டால் பிழைக்கும், ஆனால் பாதி நேரத்தில் போட வீட்டில் யார் இருக்கிறார்கள்? இருந்தால் ஸ்லோ குக்கரே எதற்கு?

காலையில் போட்டுவிட்டுப் போகிறவர் அப்போது கிழங்கும் அவரை வகைகளும் மட்டும்தான் போட முடியும். நம் கத்தரிக்காய், முருங்கைக்காய், மாங்காய் சாம்பாருக்கு இது தோதுப்படாது. கூட்டாஞ்சோற்றுக்கும் ஆகாது. அரிசி, பருப்பு, வாழைக்காய், சீனியவரைக்காய், முருங்கைக்கீரை என்று ஒன்றாகச் சேர்ந்தாலும் கூட்டாஞ்சோற்றில் ஒவ்வொன்றும் தனித்தனியாக நாக்கில் தெரிய வேண்டும், ஆறு மணி நேரம் லோவில் கிடந்த அரிசி பத்தியக் கஞ்சி ஆகிவிடும்.

அடுத்து புளி. புளியும் தக்காளியும் எந்த அடுப்பிலும் பருப்பு வேகிறதைத் தாமதப்படுத்தும், அமிலம் பெக்டினை இறுக்கிப் பிடிக்கிற காரியம் அது. குக்கரில் தக்காளியைச் சேர்த்துப் போட்டாலும் சமாளிக்கிறோம், ஸ்லோ குக்கரில் போட்டால் சாயங்காலம் வந்து பார்க்கும்போது பருப்பு கல்லாகவே இருக்கும். பருப்பு முழுசாக வெந்த பிறகுதான் புளி. அப்படி ஊற்றினாலும் தளதளவென்று கொதி வராததால் பச்சை வாசனை போகாது. சாம்பார்ப் பொடிக்கும் அதே கதை. கடைசியில் அடுப்பைப் பற்றவைத்து, புளித்தண்ணீரைப் பொடியோடு கொதிக்கவிட்டு, தாளித்து, பருப்பை அதில் கொட்ட வேண்டும். அதற்குப் பதினைந்து நிமிஷம் ஆகும். குக்கரில் முதலிலிருந்து வைத்தாலே அரை மணி நேரம்தானே என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் இங்கே பாதித் தீர்ப்பு அதில்தான். பொதிகையில் பிறந்து பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வழியாக வருகிற தாமிரபரணித் தண்ணீர் மென்மையானது, அல்வாவுக்கே அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று சொல்கிற ஊர் இது. அந்தத் தண்ணீர் குழாயில் வருகிற வீடுகளில் ஸ்லோ குக்கர் சொன்ன நேரத்தில் பருப்பை வேகவைக்கும். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் போர் தண்ணீரை நம்பி இருக்கிறவர்களுக்கு இது வேறு விளையாட்டு. கடினத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் தோலோடும் பெக்டினோடும் சேர்ந்து அதை இறுக்கிவிடும், 95 டிகிரியில் எட்டு மணி நேரம் வைத்தாலும் நடுவில் ஒரு கடிபடல் இருந்துகொண்டே இருக்கும். சமையலுக்குக் கேன் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ ஊற்றினால் சரியாகிவிடும். சிலர் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடச் சொல்வார்கள், வேலை செய்யும்தான், ஆனால் கொஞ்சம் கூடினாலும் சோப்பு வாசனை வந்துவிடும், பருப்பில் உள்ள தயமின் சத்தும் அழியும். எனக்கு அதில் விருப்பமில்லை. பருப்பு பழசாக இருந்தாலும் இதே தொல்லைதான், வருஷக்கணக்கில் மூட்டையில் கிடந்த துவரையைக் குக்கர் மட்டும்தான் மன்னிக்கும்.

கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு நிறுத்துகிற நாள் எல்லா ஊருக்கும் உண்டு, முந்தின நாள் பேப்பரில் வந்துவிடும், அன்றைக்கு ஸ்லோ குக்கரைத் தொடாமல் இருந்தால் போதும். சொல்லாமல் போகிற கரண்ட்தான் பிரச்சினை. பருப்பும் காயும் அரை வேக்காட்டில் வெதுவெதுப்பாகக் கிடந்தால், அதுவும் பங்குனி சித்திரையில், கிருமிகளுக்கு விருந்து வைத்த மாதிரிதான். 60 டிகிரிக்குக் கீழே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்த பருப்பைக் கொட்டிவிட வேண்டும். இங்கே ஒரு சின்ன விஷயம் முக்கியம். குமிழ் திருகுகிற மாடல் கரண்ட் திரும்பினதும் தானாகவே சூடேறத் தொடங்கும், பொத்தான் அழுத்துகிற டிஜிட்டல் மாடல்களில் பல அப்படியே அணைந்து கிடக்கும். குமிழ் மாடல் நல்லது என்று தோன்றும், ஆனால் நடுவில் எவ்வளவு நேரம் கரண்ட் இல்லை என்று அது காட்டிக்கொடுக்காது. பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளலாம், நம் ஊரில் அந்த வசதி இன்னும் இருக்கிறது.

லோ வோல்டேஜ் இன்னொன்று. வெப்பக் கம்பியின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் சூடு ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று தோன்றும், உண்மையில் 39 சதவீதம் குறைந்துவிடும். சமையல் குறிப்பில் லோவில் எட்டு மணி என்று இருந்தால் உங்கள் வீட்டில் பதினொன்றானாலும் ஆகாது. மோட்டார் ஓடுகிற நேரத்தில் பல்பு மங்குகிற வீடு என்றால் இந்த யோசனையையே விட்டுவிடலாம்.

செலவைப் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. ஹையில் நாலு மணி நேரமோ லோவில் எட்டு மணி நேரமோ, சுமார் ஒரு யூனிட் ஆகும். குக்கரில் பருப்பு வேகவைக்க 40 கிராம் பக்கம் எரிவாயு போகும், 14.2 கிலோ சிலிண்டரில் அது மிகச் சிறிய துளி. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் ஸ்லோ குக்கரில் சமைத்தால் காசே இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. தினமும் ஒரு யூனிட் என்றால் அந்த நூறில் அறுபதை இதுவே தின்றுவிடும், ஃபேனும் ஃபிரிட்ஜும் எங்கே போகும்? செலவை வைத்து இதை வாங்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம்.

சரி, இவ்வளவு குறை சொன்ன பிறகு இது எங்கே ஜெயிக்கிறது? சொதியில். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற சொதிதான், இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் தொட்டுக்கொள்ள. சொதியின் உயிர் காயின் பதத்தில் இருக்கிறது, உருளைக்கிழங்கு, பீன்ஸ், காரட், பட்டாணி எல்லாம் வெந்திருக்க வேண்டும், ஒன்றும் கரைந்திருக்கக் கூடாது. தேங்காயின் மூன்றாம் பாலில் காய்களையும் கீறின பச்சைமிளகாயையும் இஞ்சியையும் வதக்கின சின்ன உள்ளியையும் போட்டு லோவில் விட்டால், அவசரமில்லாமல் வெந்து, ஒவ்வொரு துண்டிலும் தேங்காய்ச் சாறு இறங்கியிருக்கும். காய் துண்டின் அளவைப் பொறுத்து ஐந்து ஆறு மணி நேரம். பாசிப்பருப்பைக் கூடவே ஒரு மூலையில் போட்டுவிடலாம், ஆனால் தனியாக வேகவைத்து மசித்துச் சேர்த்தால்தான் குழம்பு வழவழப்பாக வரும் என்பது என் எண்ணம். வீட்டுக்கு வந்ததும் இரண்டாம் பால் ஊற்றி அரை மணி நேரம், சுவிட்சை அணைத்துவிட்டு முதல் பால், கொஞ்சம் ஆறினதும் எலுமிச்சைச் சாறு. முதல் பாலை எக்காரணம் கொண்டும் காலையிலேயே ஊற்றிவிடாதீர்கள். நீண்ட நேரச் சூட்டில் தேங்காய்ப்பால் திரிந்து எண்ணெய் தனி, தண்ணீர் தனியாக நிற்கும். உருளியில் வைத்தாலும் சொதி முக்கால் மணி நேரம்தான், அது உண்மை. ஆனால் அந்த முக்கால் மணி நேரமும் பக்கத்தில் நின்று தீயைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இங்கேதான் ஸ்லோ குக்கர் நிஜமாகவே ஒரு ஆளின் வேலையைப் பார்க்கிறது.

இன்னொன்று முழு உளுந்து. செட்டிகுளம் பக்கம் கூடங்குளம் ஊழியர்களின் குடியிருப்பு, மகேந்திரகிரி இஸ்ரோ மையம் என்று வடக்கிலிருந்து வந்து தங்கியிருக்கிற குடும்பங்கள் நம் மாவட்டத்தில் உண்டு, அவர்கள் வைக்கிற கறுப்பு உளுந்து தால் மக்கனிக்கு இது பொருத்தமான பாத்திரம். அது எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு குழைந்து ருசிக்கும். தோல் உளுந்து இங்கே தாமிரபரணிப் பாசன வயலில் நெல் அறுத்த பிறகு விளைகிற பயிர்தானே, உளுந்தஞ்சோறு தவிர வேறு எதற்கும் பயன்படுத்தாதவர்கள் இதை ஒரு தடவை முயன்று பார்க்கலாம்.

அவர்கள் வீட்டு ராஜ்மாவை மட்டும் பச்சையாக ஸ்லோ குக்கரில் போடக் கூடாது. இது ருசி விஷயமில்லை. சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது, நன்றாகக் கொதித்தால்தான் அழியும், கொதிநிலைக்குக் கீழே நீண்ட நேரம் வைத்தால் போகாமல் நிற்கும், சில நேரம் வீரியம் கூடவும் செய்யும். நாலைந்து கொட்டை போதும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். இரவு முழுக்க ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று அடுப்பில் கொதிக்கவிட்ட பிறகு ஸ்லோ குக்கருக்கு மாற்றலாம். மொச்சைக்கும் தட்டாம்பயறுக்கும் அதே முறையை வைத்துக்கொள்வது நல்லது. துவரம்பருப்புக்கும் பாசிப்பருப்புக்கும் இந்தப் பயம் வேண்டாம்.

மண்சட்டிக்கு வருகிறேன். காருகுறிச்சியில் செய்கிற சட்டி இருக்கும்போது ஸ்லோ குக்கர் எதற்கு என்று ஆச்சிமார் கேட்பார்கள், கேள்வி நியாயமானதுதான். தடிமனான மண் மெதுவாகச் சூடேறும், அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும், சூடு ஒரே இடத்தில் குத்தாது. துவரம்பருப்பு ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும், தண்ணீர் சுண்டுவதால் ருசி இறுகும், புளியும் அதே சட்டியில் கொதிக்கும், எல்லாம் ஒரே பாத்திரம். விறகடுப்பு இல்லாவிட்டாலும் கேஸில் சின்னத் தீயில் நன்றாகவே வரும், இண்டக்‌ஷனில் மட்டும் முடியாது. புதுச் சட்டியைச் சோறு வடித்த கஞ்சியில் ஊற வைத்துப் பழக்க வேண்டும், குளிர்ந்த தண்ணீரைச் சூட்டோடு ஊற்றினால் விரிசல் விழும், இந்தத் தொல்லைகள் உண்டு. ஒரு மணி நேரம் வீட்டில் ஆள் வேண்டும் என்பதுதான் பெரிய நிபந்தனை. முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடித்தட்டோடு பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்திருக்கிற பெண்களுக்கு ஸ்லோ குக்கர் நல்லதில்லையா, கை ஒழியாத வேலையாச்சே என்று சிலர் கேட்டார்கள். கை ஒழியாதுதான், ஆனால் காது சும்மா இருக்கிறதே, நாலு விசில் கேட்டால் எழுந்து அணைக்கப் போகிறார்கள். அவர்களுக்கு குக்கரும் மண்சட்டியும் போதும்.

எலெக்ட்ரிக் பிரஷர் குக்கரை ஒரு வரியில் முடித்துவிடலாம்: அடுப்பு குக்கர் செய்கிறதைத்தான் செய்யும், விசில் எண்ண வேண்டாம், தானே அணைந்துகொள்ளும், அடுப்பைவிட்டு வெளியே போகப் பயப்படுகிற வயசானவர்களுக்கு நல்லது. சிலவற்றில் ஸ்லோ குக் பொத்தானும் இருக்கும், ஆனால் சூடு அடியிலிருந்து மட்டும் வருவதால் பீங்கான் பாத்திரத்தின் பதம் அதில் வராது.

முதலில் சொன்ன அந்த வேறொரு சாமான், தெர்மல் குக்கர். உள்ளே ஒரு எவர்சில்வர் பாத்திரம், வெளியே வெப்பம் வெளியேறாத உறை. கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் இதையே சூடாறாப்பெட்டி என்று ஊர் ஊராகப் பரப்பியது, செங்கோட்டை தாண்டினால் பல வீடுகளில் அரிசி இதில்தான் வேகிறது. பாசிப்பருப்பையும் காயையும் அடுப்பில் பத்து நிமிஷம் நன்றாகக் கொதிக்கவிட்டு உள்ளே வைத்து மூடிவிட்டால், ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும். அதன் பிறகும் சூடாகவே இருக்கும். துவரம்பருப்பு என்றால் ஊற வைத்துப் போட வேண்டும், சில சமயம் நடுவில் இன்னொரு கொதி கேட்கும். கரண்ட் வேண்டாம், லோ வோல்டேஜ் கவலை இல்லை, பீங்கான் உடையாது. பாத்திரத்தை முக்கால் பங்காவது நிரப்ப வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை, பாதிப் பாத்திரம் சீக்கிரம் ஆறிவிடும். காலையில் வைத்ததை மதியம் சாப்பிடுகிறவர்களுக்கு இது ஸ்லோ குக்கரைவிட மேல். இரவுச் சாப்பாட்டுக்கு வரை விட்டால் சூடு இறங்கிவிடும், அப்போது மட்டும் ஸ்லோ குக்கரின் பக்கம் தராசு சாயும்.

ஆக, பாளையங்கோட்டையில் தனியாகத் தங்கி ஆஸ்பத்திரி ஷிஃப்டுக்குப் போகிற நர்ஸ், எட்டு மணிக்குப் போய் ஏழு மணிக்கு வருகிற கணவன் மனைவி, இவர்கள் ஸ்லோ குக்கரைப் பற்றி யோசிக்கலாம். அவர்களுக்கும் சாம்பாருக்காக வேண்டாம், பாசிப்பருப்புக் கூட்டுக்காக வாங்குங்கள். வந்ததும் தேங்காயும் சீரகமும் நல்லமிளகும் அரைத்து ஊற்றி ஒரு தாளிதம், பத்து நிமிஷத்தில் சோற்றுக்கு முன்னால் உட்காரலாம்.

வாங்குகிறவர்கள் அளவைப் பாருங்கள். பாத்திரம் பாதிக்கு மேல், முக்காலுக்குக் கீழே நிரம்பினால்தான் ஒழுங்காக வேலை செய்யும், இரண்டு பேருக்கு ஆறு லிட்டர் வாங்கினால் பருப்பு ஓரத்தில் காய்ந்து பிடிக்கும். ஒன்றரை முதல் மூன்றரை லிட்டர் போதும். வெளிநாட்டிலிருந்து வருவது என்றால் அடியில் ஒட்டியிருக்கிற சீட்டைப் படித்துவிட்டுச் சரி சொல்லுங்கள். துபாயிலிருந்தும் கத்தாரிலிருந்தும் வருவது நம் வோல்டேஜுக்குப் பொருந்தும், பின் மட்டும் சதுரமாக இருக்கும், பிளக்கை மாற்றினால் தீர்ந்தது. அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ட், நம் 230-ல் சொருகினால் அன்றைக்கே கருகிவிடும், அதற்கு டிரான்ஸ்ஃபார்மர் வாங்குகிற காசுக்கு இங்கேயே ஒரு குக்கர் வாங்கிவிடலாம்.